கிணற்றில் விழுந்தவன்

“என் நாவலை ஆரம்பிச்சவங்க முடிவு தெரியாம சாகவே முடியாது, மச்சான்” என்றார் ஓய்வுபெற்ற தபால்காரர், எமனுக்கே தந்தி கொடுத்தவர் போல.

மச்சினர் சிரித்தார். “உங்களுக்கு இருக்கிறதே ஒரே ஒரு வாசகி, எங்க அக்கா மட்டும்தான், அத்தான். முதல் அத்தியாயத்துல கிணத்துல விழுந்தவன் தொண்ணூறு அத்தியாயமா அங்கேயே கிடக்கிறான். தூக்கி விடுங்களேன்.”

“தூக்கிட்டா அப்புறம் யாரு கேப்பா? தினம் ஒரு அத்தியாயம் படிச்சுக் காட்டுறேன். நேத்து கயிறு கைக்கு எட்டுச்சு, அறுத்துட்டேன். இன்னைக்குப் பாம்பு வருது. முடிவை மட்டும் முதல்லயே எழுதி அலமாரியில வச்சிருக்கேன்.”

“ரொம்பத்தான் பீத்திக்கிறீங்க.”

தபால்காரர் மருந்து வாங்கப் போனார். திரும்பியபோது, அலமாரியில் இருந்த கடைசி அத்தியாயம் மச்சினரின் மடியில் கிடந்தது.

“டாக்டர் பத்து நாள்னு கெடு வச்சு மூணு மாசம் ஆச்சு. படுக்கையில கிடந்துக்கிட்டு அக்கா இன்னும் எத்தனை நாள் காத்திருப்பான்னு, நான்தான் முடிவைப் படிச்சுக் காட்டினேன். ‘அப்பாடா, ஏறிட்டான்’னு சிரிச்சா. கண்ணை மூடினவ அப்புறம் திறக்கலை.”

மருந்துப் பொட்டலம் தபால்காரரின் கையிலேயே இருந்தது.

மச்சினர் தலையைத் தூக்கவில்லை. “நீங்க சொன்னது நிஜம்தான், அத்தான்.”