இறங்கச் சொன்னவர்

சவரிமுத்து கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைப்பவன். சட்டம் எளிமையானது. சொல்கிறவர் முதலாளி, கேட்டுச் செய்கிறவன் ஊழியன். அடிபட்டால் மருத்துவச் செலவு முதலாளியுடையது. தானாக முடிவெடுத்தால் அந்தக் கணமே அவன் சுயதொழில் அதிபர், செலவும் அவனுடையது. அவன் எது என்பதை, அவன் மணிக்கட்டில் கட்டியிருக்கும் பேசும் பட்டை ஒட்டுக்கேட்டுத் தீர்மானிக்கும்.

அன்று பதினான்காம் மாடியில் தேன்கூட்டைக் கலைத்துவிட்டான்.

“சார், கொட்டுது. எறங்கட்டுமா?” என்று பட்டையில் கேட்டான்.

மேலாளர் கோபிநாத் பண்பானவர். “உங்களுக்கு என்ன தோணுது, முத்து?”

“எனக்கு ஒண்ணும் தோணல சார். நீங்க சொல்லுங்க.”

“உங்க சுதந்திரத்துல நான் தலையிட மாட்டேம்ப்பா.”

தேனீக்கள் மட்டும் யாரையும் கேட்காமல் வேலை பார்த்தன.

சாப்பாடு கொண்டுவந்த மனைவி ஜெசிந்தா கீழிருந்து அண்ணாந்து பார்த்தாள். உடனே அவன் பட்டைக்கு அழைத்தாள். “யோவ், கூறு கெட்டுப்போச்சா ஒனக்கு? எறங்குய்யா கீழ.”

இறங்கினான்.

மருத்துவமனைக் கட்டிலில் வீங்கிய இமையை விரலால் விலக்கிப் பட்டையைப் பார்த்தான். ‘ஊழியர்’ என்று பச்சையாக ஒளிர்ந்தது. போன உயிர் திரும்பி வந்தது.

பில், ‘மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு’ என்ற விளிப்புடன் ஜெசிந்தாவின் கைபேசிக்கு வந்திருந்தது.