தச்சருக்கு வேண்டிய ஸாரி

அந்த ஆஸ்பத்திரியில் ஸாரிக்குப் பஞ்சமே இல்லை.

வாட்ச்மேன் ஸாரி என்றால் உள்ளே போகாதே என்று அர்த்தம். ரிசப்ஷன் பெண் ஸாரி என்றால் இன்னும் உட்காரு. தரை துடைக்கிற அம்மா சொன்னால் காலைத் தூக்கிக்கொள்ள வேண்டும். போனில் யாராவது ஸாரி என்று இழுத்தால், பேசியது காதில் விழவில்லை. தச்சருக்கு இந்த அகராதி முழுக்க மனப்பாடம். மனைவியைப் பறிகொடுத்த நாளிலிருந்து உளியைத் தொடாமல் இங்கேதான் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

"இன்னைக்கும் வந்துட்டாரு. பெரிசா கறக்கப் பாக்குறாரு போல" என்று ரிசப்ஷன் பெண் பக்கத்தில் இருந்தவளிடம் முணுமுணுத்தாள்.

மேனேஜர் உள்ளே கூப்பிட்டார்.

"காக்க வச்சதுக்கு ஸாரி. ஏசி வேற ரிப்பேர், அதுக்கும் ஸாரி. சொல்லுங்க."

"அதேதான் சார். காசு வேணாம். கேஸ் போடவும் வரல. தப்பு எங்களோடதுதான், ஸாரின்னு ஒரு வார்த்தை."

"உங்க வருத்தம் எனக்குப் புரியுது."

"புரிஞ்சா சொல்லிடுங்களேன்."

"ஸாரி. அதை மட்டும் சொல்ல முடியாது."

தச்சர் எழுந்திருக்கவில்லை.

"நல்லா பேசிக்கிட்டிருந்தவ சார். ஒரு ஊசி போட்டாங்க, அப்புறம் கண்ணே முழிக்கல. நான் லேட்டா கூட்டிட்டு வந்ததாலதான் போயிட்டான்னு வீட்ல சொல்றாங்க. என் பொண்ணு என் மூஞ்சியவே பாக்க மாட்டேங்குறா. நான் எடுத்து வச்ச சாப்பாட்டத் தொடுறதில்ல. நீங்க சொன்னாத்தான் நம்புவா."

மேனேஜர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"ஒரு பலகையக் கொஞ்சம் கொறைச்சு அறுத்துட்டாலே, வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டுத்தான் சார் நான் அடுத்த பலகையத் தொடுவேன்."

"நாளைக்குப் பார்ப்போம்" என்றார் மேனேஜர்.

மறுநாளும் அதே கதைதான். கடுப்போடு மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்த தச்சரை ஒரு நர்ஸ் பின்னாலேயே ஓடி வந்து நிறுத்தினாள். சின்னப் பெண்.

"அண்ணே, அன்னைக்கு ஐசியூல அக்காவுக்கு ஊசி போட்டது நான்தான். மாத்திப் போட்டுட்டேன். ஸாரிண்ணே. நீங்க ஒண்ணும் லேட்டா கூட்டிட்டு வரல."

அன்றைக்குக் கதவுக்கு வெளியே நிறுத்தி வைக்கப்பட்டவர் அவர். உள்ளே யார் இருந்தார்கள் என்று அவருக்கு எங்கே தெரியும்?

அடிக்கத்தான் வருவார் என்று பயந்து அவள் ஒரு படி பின்வாங்கினாள். அவரோ கம்பியைப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார். அழுது முடித்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இத என் பொண்ணுகிட்ட சொல்லலாமாம்மா?"

தலையாட்டினாள்.

"அவகிட்ட மட்டும்தான். வேற யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன். உன் பொழப்பு கெட்டுடக் கூடாது. நல்லா இரும்மா."

மனைவியின் உயிருக்கு உலை வைத்தவளை வாழ்த்திவிட்டுப் போக எத்தனை பேருக்கு மனசு வரும்? வாட்ச்மேனுக்குக்கூட ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் வாசலைத் தாண்டினார்.

நர்ஸ் நேரே மேனேஜர் அறைக்குப் போனாள்.

"சொல்லிட்டேன் சார்."

மேனேஜர் உடனே போனை எடுத்தார். "டாக்டர், அவரு இனிமே வரமாட்டாரு. நீங்க பின்வாசல் வழியா வரவேண்டியதில்ல. தைரியமா முன்னாலயே வாங்க."

போனை வைத்த பிறகும் அவள் போகாமல் நின்றாள்.

"சார், கேஸ் கீஸ்னு ஏதாவது வந்துடாதே? அந்தக்கா செத்தப்ப நான் இங்க வேலைக்கே சேரலையே."

"அதனாலதாம்மா உன்னைச் சொல்லச் சொன்னேன்."