பல் உடைந்த சீப்பு

“இது என்ன?”

நாற்காலியில் சாய்ந்து போனில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தவன், ஒன்றில் விரலை நிறுத்திக் கேட்டான்.

“சீப்புங்க. பழசு, பல்லு உடைஞ்சது” என்றாள் அவன் மனைவி.

தினமும் மாலையில் நடக்கும் சோதனைதான். ஆபீஸ் விட்டு வந்து கதவைத் திறப்பான், உள்ளே வந்ததும் மறுபடி பூட்டுவான். சாவியைப் பெல்ட்டில் மாட்டிய கையோடு அவள் போனைக் கேட்பான். சிம் இல்லாத பழைய போன். “பொழுது போகலைன்னியே, வீட்ல கெடக்கறதை போட்டோ எடு” என்று அவனே கொடுத்தது. ஜன்னலுக்கு வெளியே இருப்பதை எடுத்த படம் ஒன்று இருந்துவிட்டால் அன்றைக்கு வீடு ரெண்டுபடும்.

அதனால் வீட்டுக்குள் இருப்பதை மட்டும் எடுத்தாள், மிக மிக அருகில். சட்டைப் பொத்தானின் நாலு துளை, உப்புக்கல், தீக்குச்சியின் தலை. பள்ளிக்கூட நாளில் மிச்சமான நோட்டிலிருந்து கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கிழித்து, எதையும் அதன் மேல் வைத்தே எடுப்பாள். மூன்று வருடமாக அவளுக்கு வாய்த்த வெளி அந்தத் தாளின் அகலம்தான்.

“சீப்பு ஏன் இப்படிப் பளபளங்குது?”

“எண்ணெய்ப் பிசுக்குங்க.”

“எங்க, எடுத்துட்டு வா பாப்போம்.”

அடுப்பில் பால் பொங்கி வழியும் சத்தம் கேட்டது. அவள் நகரவில்லை.

“காலையில நீங்க குளிக்கப் போனப்ப எடுத்த படம். அப்புறம் சீப்பைக் குப்பையில போட்டுட்டேன். குப்பைய நீங்கதானே கொண்டுபோய்க் கொட்டுனீங்க?”

அவன் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு படத்தைப் பார்த்தான். மெல்ல அவன் முகம் மலர்ந்தது.

“மலைத்தொடர் மாதிரியில்ல இருக்கு! ஆபீஸ்ல போட்டோப் போட்டி வச்சிருக்கான். இதை என் பேர்ல கொடுத்துடறேன். உன் பேருன்னா, யாருப்பா அது, கூட்டிட்டு வாயேன்னு கேப்பானுங்க.”

“உங்க போன்தானே. நீங்க எடுத்த மாதிரிதாங்க.”

அந்தப் பதில் அவனுக்கு இனித்தது. பத்தே நாளில் முதல் பரிசு என்று செய்தி வந்தபோது தரையில் கால் பாவவில்லை. அந்தக் கட்டத் தாளில்தான் நடுவர்கள் சொக்கிப்போனார்களாம்.

“உங்கண்ணனுக்கும் அனுப்பறேன். என்னை ஒரு ஆளாவே மதிக்காதவராச்சே.”

அண்ணன் இரண்டு தடவை வந்திருந்தார். பூட்டிய கதவுக்கு வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பேசிவிட்டுத் திரும்பினார். இரண்டாம் தடவை இவன் வந்துவிட்டான். “பூட்டை உடைச்சீங்கன்னா திருட்டுக் கேஸ் கொடுப்பேன், ஜாக்கிரதை!” என்று தெருவே கேட்கும்படி கத்தினான். அதன்பின் அண்ணன் வரவில்லை.

“ஐயோ, அண்ணனுக்கு வேண்டாங்க” என்று பதறினாள். “நாள் முழுக்கப் பட்டறையில இரும்பைத் தேய்க்கிறவரு. அவருக்கு இதெல்லாம் எங்க புரியப்போகுது? விழுந்து விழுந்து சிரிப்பாரு.”

“சிரிப்பாரா? அப்ப கண்டிப்பா அனுப்பணும்.”

அனுப்பினான். கீழே, ‘மச்சான், முதல் பரிசு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பரிசளிப்பு. பாத்துக் கத்துக்கோங்க’ என்று ஒரு வரியும் சேர்த்தான். பதில் வரவில்லை.

“வயித்தெரிச்சல்! வேறென்ன?” என்று இரண்டு நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

பரிசளிப்பு நாளன்று மடிப்புக் கலையாத சட்டை போட்டு, சென்ட் அடித்துக்கொண்டான்.

“நானும் கூட வரட்டுமாங்க? ஒரு ஓரமா நின்னுக்கறேன்.”

“நீ எதுக்கு? அங்க நூறு பேர் வருவான்.”

வெளியிலிருந்து சாவி திரும்பியது. கதவை இழுத்துப் பார்த்தான். இன்னொரு தடவையும் இழுத்துப் பார்த்தான். வண்டி கிளம்பித் தெருமுனை தாண்டும் வரை கேட்டது.

அவள் கூடத்தில் தரையில் உட்கார்ந்தாள். போனைத் தொடவில்லை, விளக்கைப் போடவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அரை மணி ஆகியிருக்கும். பூட்டில் சாவி நுழைந்தது. எதையாவது மறந்துவிட்டுத் திரும்பிவிட்டானா? வண்டிச் சத்தம் கேட்கவில்லையே!

சாவி பாதியில் சிக்கிக்கொண்டு நின்றது. வெளியே உருவும் சத்தம். பிறகு கரக் கரக்கென்று எதையோ உரசும் சத்தம். மறுபடி நுழைந்தது. இந்தத் தடவை சிக்கவில்லை.

கதவு திறந்தது. வாசலில் அண்ணன் நின்றிருந்தார். ஒரு கையில் சின்ன அரம், மறு கையில் இரும்புத்தூள் ஒட்டிய புத்தம்புதுச் சாவி.

அண்ணன் குனிந்து கை நீட்டினார்.

“மாப்பிள்ளையே சாவியைப் போட்டோவா அனுப்பி வச்சுட்டாரும்மா. எழுந்திரு, போலாம்.”