கெண்டைக்கு ஒரு குடம்

குடத்தை என் காலடியில் வைத்துவிட்டு ரங்கம்மா நின்றாள். நான் எழுந்திருக்கவில்லை.

"வெளிச்சம் இருக்கறப்பவே போயிட்டு வந்துடுய்யா. மீனு வாயத் தொறந்து தொறந்து மூடுது."

மீன் எப்போதும் அப்படித்தான் செய்யும்.

காலையிலிருந்து அணையில் கல் சுமந்த தோள் எரிந்தது. இனி இந்த மேட்டிலிருந்து இறங்கி, காலி செய்த ஊருக்குள் புகுந்து, அவள் அப்பன் வீட்டுக் கிணற்றில் சேந்தி, மறுபடியும் மேடு ஏற வேண்டும். ஒரு மீனுக்காக. விரல் நீளம்கூட இல்லாத ஒரு கெண்டைக்காக.

வழியில் கோவிந்தப்பன் வேறு உட்கார்ந்திருப்பான். கூட வேலை செய்கிறவன். "என்னா மாமா, மீனுக்குத் தண்ணி காட்டக் கெளம்பிட்டியா? மேய்ச்சலுக்கு எப்ப ஓட்டப்போற?" என்பான். தினமும் அதே கேள்வி. தினமும் அவனே சிரித்துக்கொள்வான்.

மீன் இருக்கிற தொட்டியைக் கொண்டுவந்தவனும் நான்தான். விளிம்பு உடைந்ததென்று பட்டறையில் ஒதுக்கிய பாட்டரிக்கு ஆசிட் ஊற்றிவைக்கிற கண்ணாடித் தொட்டி. ஸ்டோர் கீப்பர் சகாயநாதனிடம் கெஞ்சி வாங்கினேன். அணையில் ஷட்டர் இறக்கினால் ஊரோடு கிணறும் முழுகிவிடும், அதிலிருக்கும் மீனையாவது காப்பாற்ற வேண்டும் என்று ரங்கம்மா ஒரே பிடியாக நின்றாள்.

தண்ணீர் வந்தால் மீன் எப்படியடி முழுகும் என்று கேட்டேன்.

பதில் களியில் வந்தது. அன்றைக்கு அதில் உப்பு இல்லை.

முதலில் விட்ட மீன்கள் பொழுது சாய்வதற்குள் செத்தன. தொட்டியில் ஆசிட் வாடை போகவில்லை. புளி போட்டுத் தேய்த்தேன். சாம்பல் போட்டுத் தேய்த்தேன். வெயிலில் காயவைத்தேன். ஆற்று மணலை அலசி அலசி அடியில் பரப்பினேன்.

அடுத்து விட்டவற்றுக்குச் சோறு போட்டோம். தண்ணீர் கழுநீராகிவிட்டது. கலங்கல் தெளியட்டும் என்று தேற்றாங்கொட்டையை உரைத்து ஊற்றினேன். தண்ணீர் தெளிந்தது. மீன் மிதந்தது.

பிறகு தினமும் தொட்டியைக் கவிழ்த்துக் கழுவினேன். கழுவக் கழுவச் செத்தன.

வெறுத்துப்போய்ச் சகாயநாதனிடமே போனேன். பெங்களூரில் யாரோ துரை வீட்டில் மீன் தொட்டி பார்த்தவர் அவர்.

"ஏம்ப்பா, அது மீன் தொட்டியா, ஒன் சோத்துச் சட்டியா? கழுவாத. கொஞ்சம் வேலம்பாசி போடு. தினம் ஒரு செம்பு மொண்டு கொட்டு, ஒரு செம்பு ஊத்து. அது பொறந்த கெணத்துத் தண்ணியா ஊத்து. அப்புறம் அது பக்கமே போவாத."

அப்படித்தான் இந்தக் கெண்டை பிழைத்தது. பாசிக்குள் புகுந்துகொண்டு, என்னைக் கண்டால் வாலைக் காட்டித் திரும்பிக்கொள்கிறது.

என் மாமனாரைப் போல.

மாமனார் மாதப்பன் தட்டிக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறார். ஊரைக் காலி செய்தபோது, முட்டி மடங்காத மனிதரை வண்டியில் ஏற்றிவந்து, எங்கள் குடிசையை ஒட்டிச் சார்ப்பு இறக்கிப் படுக்கவைத்தோம். வண்டியை விட்டு இறங்கியதுமே எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். தன் நிலத்தை மூழ்கடிக்கிற அணைக்குக் கல் சுமக்கிற கையால் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டாராம்.

கொண்டுவந்த மூட்டை ராகியைத்தான் மகள் கிளறிக் கொடுக்கத் தின்கிறார்.

நானும் விடவில்லை. இந்தக் கை அவருக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் மொண்டு வைக்காது என்றேன். அதோடு பேச்சு நின்றது. அந்தச் சண்டையின் சூடு ஆறுவதற்குள் இந்த மீன் வந்து சேர்ந்தது.

இரண்டு பக்கமும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் மனிதன் எங்கே பார்ப்பது?

"இன்னிக்குப் போவ மாட்டேன்" என்றேன். "மேட்டுக் கெணத்துத் தண்ணி உப்புக் கரிக்குது. நீயும் நானும் அதத்தான் குடிக்கறோம். மீனுக்கு ஒரு செம்புதானே? நேத்து கொண்டாந்த கொடத்துல மிச்சம் எங்க?"

ரங்கம்மா நிறைமாத வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு குடத்தை எடுக்கக் குனிந்தாள். தானே போகப்போகிறாளாம். எனக்கு எரிச்சல் தலைக்கு ஏறியது.

"மிச்சம் எங்கன்னு கேட்டேன். மீனு குடிச்சிடுச்சா?"

அவள் கண் தட்டிப் பக்கம் போய்த் திரும்பியது. நானும் பார்த்தேன்.

தட்டி முடிகிற இடத்தில், சார்ப்புக்குள் ஒரு மண்பானை. அதன் வாயில் கவிழ்த்து வைத்திருந்தது மாமனாரின் பித்தளைச் செம்பு. பானை காலி. அடி வரைக்கும் ஈரமில்லாமல் வெளுத்திருந்தது.

நான் ரங்கம்மாவைப் பார்த்தேன். அவள் தொட்டியைப் பார்த்தாள்.

தட்டிக்கு அந்தப் பக்கம் கயிற்றுக் கட்டில் முனகியது. நான் வீட்டில் இருக்கும்போது கேட்காத குரல் கேட்டது.

"ஏம்மா ரங்கா, மீனுக்கு இன்னிக்கு இன்னும் தண்ணி வரலியா? பாவம், அதுக்குத் தாகமா இருக்குமே."

தொட்டிக்குள் கெண்டை பாசியை விட்டு வெளியே வந்தது. வாயைத் திறந்து திறந்து மூடியது.

ரங்கம்மாவின் கையிலிருந்த குடத்தை வாங்கி ஓரமாக வைத்தேன். மூலையில் பெரிய குடம் கிடந்தது. அதை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டேன்.

"இந்த மீனுக்கு இருக்கற கொழுப்பு ஊருல எவனுக்கும் இல்ல" என்று தட்டிக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு மேட்டை விட்டு இறங்கினேன்.