கடுவன் சார் எழுதிய எலி வரலாறு

எலிப் பள்ளிக்கூடத்தில் சுண்டியின் வகுப்புக்கு, ஊர் எலிகளின் வரலாறு என்று ஒரு புராஜெக்ட் கொடுத்தார்கள். ஊரிலிருந்த ஒரே நூலகத்தின் நூலகர் கடுவன் பூனை. மாணவர்களுக்கு உதவுவதென்றால் அவருக்கு அப்படியொரு ஆசை. தாமே எழுதிய தடிப் புத்தகத்தை எடுத்து விரித்து வைத்தார்.

மற்றவர்கள் அதை வரிக்கு வரி எழுதிக்கொண்டார்கள். சுண்டி மட்டும் கேட்டாள்.

"சார், நெல் கிடங்குல இருந்த எங்க முன்னோர்கள் சந்தோஷமா இடம் மாறிப் போனாங்கன்னு போட்டிருக்கே. எங்க போனாங்க?"

"அது ரெண்டாம் பாகத்துல வரும்மா."

"அது எங்க சார் இருக்கு?"

"இன்னும் எழுதல. கொஞ்சம் கள ஆய்வு பாக்கி இருக்கு" என்ற கடுவன், மீசையை நக்கிக்கொண்டார்.

ஒரே ஓட்டமாக வெளியே வந்த சுண்டி, நடந்ததை மட்டும் எழுதிக் கொடுத்தாள்: "கிடங்கு எலிகள் எங்கே என்று கேட்டேன். நூலகர் மீசையை நக்கினார்."

"இது எந்தப் புத்தகத்துல இருக்கு?" என்று எலி ஆசிரியர் பூஜ்யம் போட்டார். பார்த்து எழுதியவர்களுக்கெல்லாம் பரிசு. மனம் குளிர்ந்த நூலகர், அவர்களை வீட்டுக்கே விருந்துக்கு அழைத்தார்.

சீவிச் சிங்காரித்துக்கொண்டு அவர்கள் கிளம்பியதைப் பார்த்து ஆசிரியருக்குப் பெருமை தாங்கவில்லை. சுண்டியிடம் திரும்பினார்.

"பாத்தியா? ஒழுங்கா எழுதியிருந்தா நீயும் போயிருக்கலாம்!"