தானாகப் பாடும் செட்டு

“பிடுங்குப்பா. பழையதையே மாட்டிடு.”

கடைக்காரர் சாப்பிடலாம் என்று டப்பாவைத் திறந்த நேரத்தில் வந்து நின்றார் பேக்கரிக்காரர்.

கார்களுக்குப் பாட்டு செட்டு மாட்டும் அந்தக் கடைக்காரருக்குத் தெருவில் ‘கறார்’ என்றுதான் பேர். விலையை இறக்கவும் மாட்டார், குரலை இறக்கவும் மாட்டார். டப்பாவை மூடிவிட்டு எழுந்து வந்தார்.

முந்தின நாள் காலையில்தான் பேக்கரிக்காரரின் மகள் அவர் காரைக் கொண்டுவந்தாள். அப்பாவுக்குப் பிறந்தநாளாம், அவருக்குத் தெரியக் கூடாதாம். காரோடு வந்த பழைய செட்டைக் கழற்றச் சொல்லி, பெரிய தொடுதிரை வைத்த புதுசை மாட்டிக்கொண்டு போனாள். பழையதை விலையில் கழித்துக்கொண்டு கறாரே எடுத்து வைத்திருந்தார்.

“பொண்ணு ஆசையா வாங்கிக் குடுத்தது. ஒரே நாள்ல என்ன குத்தம் கண்டீங்க?”

“குத்தம் ஒண்ணுமில்ல தம்பி. எனக்கு என்னோடது வேணும்.”

மாட்டினது மாட்டினதுதான், பணம் திரும்ப வராது என்று கறார் சத்தம் போட்டார். பேக்கரிக்காரர் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. புதுசையும் நீயே வைத்துக்கொள், மாட்டுகிற கூலியையும் தந்துவிடுகிறேன் என்றார்.

பேரம் பேசாத ஆளைக் கண்டாலே கறாருக்கு ஆகாது. அடிபட்டு மிதிபட்டு மேலே வந்தவர் அவர். அவருக்கெல்லாம் யார் பிறந்தநாள் கொண்டாடினார்கள்? பெற்ற மகள் கொடுத்ததை இந்த மனுஷன் காலால் தள்ளுகிறார். கொழுப்பு, வேறென்ன.

புதுசைக் கழற்ற உட்கார்ந்தபோது பேக்கரிக்காரர் ஜன்னல் வழியாகக் குனிந்தார். குரல் கீழே இறங்கியிருந்தது.

“பழையதுக்குள்ள இருந்ததெல்லாம் அழிஞ்சிருக்குமா?”

“ரேடியோ ஸ்டேஷனா? அழிஞ்சா திரும்ப வச்சுக்கிட்டாப் போச்சு.”

“அதில்ல. அதுல சேத்து வச்சிருந்த போன் பேரு.”

விற்கப்போகிற செட்டுகளைச் சுத்தமாக அழித்துவிட்டுத்தான் கறார் அலமாரியில் ஏற்றுவார். இதை மட்டும் சோம்பல்பட்டு அப்படியே போட்டு வைத்திருந்தார். அதைச் சொன்னார். பேக்கரிக்காரர் நம்பியும் நம்பாமலும் தலையாட்டினார்.

வேலை முடியச் சாயங்காலமாகிவிட்டது. சரியாக இருக்கிறதா என்று ஓரிடத்தில் போய்த்தான் பார்க்க முடியும், கூட வா என்றார் பேக்கரிக்காரர். இதென்னடா ரோதனை என்று முனகிக்கொண்டே கறார் ஏறினார்.

ஒடுக்கமான ஒரு தெருவில், நின்றிருந்த லாரிக்குப் பின்னால் பாதி மறைந்த மாதிரி காரை ஒதுக்கினார். எதிர்ப்பக்கம் மருந்துக்கடை. கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டுப் போட்ட இளைஞன் ஒருவன் மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

“என் பையன்,” என்றார் பேக்கரிக்காரர்.

மாவு பிசைய மாட்டேன், வேறு வேலைக்குப் போகிறேன் என்றானாம். கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது ‘போடா வெளியே’ என்று கத்திவிட்டாராம். போனவன்தான். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

“புது செட்டுல அவன் போன் சேரணும்னா அவன் சரின்னு சொல்லணும். நான் எந்த முகத்தோட போய்க் கேப்பேன்? இதுல வீட்டுல இருந்தப்பவே சேத்துட்டான். பக்கத்துல வந்தா ப்ளூடூத்ல தானா ஒட்டிக்கும்.”

செட்டின் சின்னத் திரையில் ‘தேடுகிறது’ என்று புள்ளிகள் ஓடின. பேக்கரிக்காரர் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்திருந்தார். கறாரும் தன்னை அறியாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

‘துரை’ என்று பேர் வந்தது. இணைந்துவிட்டது.

“நான் திட்டுற பேரு. வேணும்னே போனுக்கு அதையே வச்சிருக்கான் பாரு, ராஸ்கல்.” சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. திரையின் மூலையைத் தொட்டுக் காட்டினார். “அவன் போன்ல எவ்வளவு சார்ஜ் இருக்குன்னுகூட இதுல தெரியும். இன்னிக்குப் பரவாயில்ல. அடிக்கடி போட மறந்துடுவான்.”

தினமும் சாயங்காலம் பன் கொடுக்கப் போகிற வழியில் இங்கே கொஞ்ச நேரம் நிற்பாராம். மகளுக்குக்கூடச் சொன்னதில்லையாம்.

“நேத்து புது செட்டோட வந்து நின்னேன். ஒண்ணும் ஒட்டல. இவன் வேற ரெண்டு மூணு தடவை வாசலுக்கு வந்து எட்டிப் பாத்தான். ஏதோ சரக்கு வரணும் போல. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.”

“அவருக்கு நீங்க வர்றது தெரியாதா?”

“தெரிஞ்சா விடுவானா? போனைத் தூக்கிக் கடாசிடுவான். ரோஷக்காரன், என்னை மாதிரி.” சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். “இரு, இப்பப் பாடும். இந்த செட்டுக்கு அப்படி ஒரு புத்தி. இணைஞ்சதும் தானா ஒரு பாட்டு எடுக்கும். அதுவும் மாவு பிசையும்போது நான் முணுமுணுப்பேனே, அந்தப் பழைய பாட்டுங்களா பாத்து எடுக்கும்.”

கறார் நிமிர்ந்தார். இந்த மாடலை எத்தனையோ கார்களில் கழற்றி மாட்டியவர் அவர். எதிரே பார்த்தார்.

கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டுக்காரன் மாத்திரை அட்டைகளைக் கீழே வைத்தான். பையிலிருந்து போனை எடுத்தான். காரின் பக்கம் மறந்தும் திரும்பவில்லை. குனிந்தபடியே கட்டைவிரலால் ஒரு தடவை தொட்டான்.

காருக்குள் பழைய பாட்டு ஒன்று மெதுவாக எழுந்தது.

“பாத்தியா, நான் சொல்லல?” என்றார் பேக்கரிக்காரர், கண்ணைத் திறக்காமலேயே.

வாழ்நாளில் முதல் தடவையாகக் கறாரின் குரல் இறங்கியது.

“ஐயா, இந்த செட்டு தானா பாடாதுங்க. அந்தப் பக்கம் போனை வச்சிருக்கிறவர் அழுத்தினாத்தான் பாடும்.”