முகம் வைத்த ரொட்டி

"அக்கா, டாக்சியை எவ்வளவு நேரந்தான் நிக்க வைப்பீங்க? மீட்டர் ஓடுமே!"

அமெரிக்காவின் சான் அன்டோனியோ ராணுவக் கல்லறைத் தோட்டம். கல்லறையில் ரொட்டி படைக்கும் இறந்தோர் திருநாள். கணவரின் கல்லைத் துடைத்தபடியே ரமோனா கேட்டாள்.

பக்கத்துக் கல்லின் முன் உட்கார்ந்திருந்த எவுலாலியா ரொட்டி சுற்றியிருந்த துணியைப் பிரித்தாள். கல்லில் 'லெப்டினன்ட் வில்மர் கிஸ்பே' என்றிருந்தது. இருபத்தைந்து வயதில் போனவன்.

"என்னக்கா, ரொட்டிக்கு மூஞ்சியெல்லாம் வச்சிருக்கீங்க? நம்ம மெக்சிகோவுல எலும்பு மாதிரிதானே வைப்போம்?"

"இவன் பொலிவியாக்காரன். அங்கே கைக்குழந்தை மாதிரி செய்யணுமாம். போன வருஷம் மூக்கு கோணிப்போச்சுன்னு இவன் அம்மா போன்லயே என்னைத் திட்டித் தீர்த்துட்டாங்க."

ரமோனாவின் கை நின்றது. "அப்போ... நீங்க இவன் அம்மா இல்லையா?"

"இல்லம்மா. அவங்க அங்கே படுத்த படுக்கை. பிளேன் ஏற முடியாது."

"உங்களுக்குப் பிள்ளைங்க?"

"ஒரே பையன்."

எவுலாலியா ரொட்டியைப் பிட்டாள். பாதியைக் கல்லருகே வைத்தாள். மீதியைத் துணியில் சுற்றிக்கொண்டு எழுந்தாள்.

"போர்ல எரிஞ்ச வண்டியிலேர்ந்து இந்தப் புள்ளதான் என் பையனைத் தூக்கி வெளியே போட்டுச்சு. அடுத்தவனைத் தூக்க உள்ளே போனது, திரும்பி வரல."

வாசலில் நின்ற காரைப் பார்த்தாள்.

"அது டாக்சி இல்லம்மா. ஆறு வருஷமா என் பையன்தான் என்னைக் கூட்டிட்டு வரான். கதவைத் திறந்து இறங்கத்தான் இன்னும் முடியல அவனால."